கணிப்பொறிப் பகுதி: ஒரே பெயர், இரண்டு அளவு

சயானிலிருந்து அன்பர் ஒருவர் தம் புதல்வர் பொருட்டு வினவியுள்ளார். புதல்வர் 64 பிட்டுக் கணிப்பொறியில் நிரல் எழுதுகிறார். அந்நிரல் ஊரில் சிற்றப்பா வீட்டிலுள்ள பழைய 32 பிட்டுக் கணிப்பொறியிலும் ஓடவேண்டும். அதற்காக ஒரு நிரலகத்தின் பொதியை இரு வகைக்கும் நிறுவ முயன்றபோது, இரண்டாவதை டெபியன் லினக்ஸ் ஏற்கவில்லை. ஒரே பெயருள்ள கோப்பு, உள்ளடக்கம் வேறு என்று மறுத்துவிட்டதாம். வலிந்து ஏற்றலாமா என்கிறார்.

கூடவே கூடாது.

அக்கோப்பு ஹெடர் எனப்படுவது. நிரலகத்திலுள்ள செயல்கள் எவை, பொருள்களின் அளவு யாது என்று கம்பைலருக்கு அறிவிப்பது. சி மொழியில் 'லாங்' என்னும் எண் 32 பிட்டு லினக்ஸில் 4 பைட்டு. 64 பிட்டு லினக்ஸில் 8 பைட்டு. பெரும்பாலான ஹெடர்கள் 'லாங்' என்று மட்டும் சொல்லி, அளவைக் கம்பைலரிடம் விட்டுவிடுவதால் இரு வகைக்கும் ஒன்றே போதும். சில மட்டும் அளவை எண்ணாகவே பொறித்துக்கொள்ளும். பேரெண்களைக் கணக்கிடும் ஜிஎம்பி நிரலகத்தின் ஹெடர் அத்தகையது.

நம் முன்னோர் திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு வந்த காலத்தில் எழும்பூர் வரை 1000 மில்லிமீட்டர் பாதை. சென்ட்ரலிலிருந்து 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை. அளவு மாறினால் வண்டி தண்டவாளத்தில் ஏறாது. பிழை அக்கணமே தெரிந்துவிடும். கணிப்பொறியிலோ, பிசகான ஹெடரைக் கொண்டும் கம்பைலர் வாய் திறவாமல் வேலையை முடித்துவிடக்கூடும். பின்னர் கணக்குத் தவறும், அல்லது நிரல் நடுவழியில் விழும். டெபியன் மறுத்தது நன்மைக்கே.

குறை பொதி கட்டியவருடையது. இரு வகையும் அருகருகே நிறுவத்தக்கவை என்று குறித்துவிட்டு, மாறுபடும் ஹெடரைப் பொது அடைவிலேயே வைத்துவிட்டார். 2013இல் வெளிவந்த டெபியன் 7 முதல் இதற்கு வழியுண்டு. ஒன்றாயிருப்பவை பொது இன்க்ளூட் அடைவில் இருக்கலாம். வேறுபடுபவை அந்தந்த இயந்திர வகையின் பெயர் தாங்கிய உள்ளடைவுக்குப் போகவேண்டும். கம்பைலர் தானே அங்குத் தேடிக்கொள்ளும். ஃபெடோராவில் பொதுப் பெயரில் ஒரு சிறு ஹெடரை வைத்து, அது வகையறிந்து உரிய கோப்பைக் காட்டும்படி செய்வர். அதுவும் நடக்கும், எனினும் ஒவ்வொரு நிரலகத்துக்கும் ஒரு கைகாட்டி நடவேண்டிய அம்முறை எனக்கு அத்துணை உவப்பன்று.

சென்னையில் சீடாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே.

2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல், 32 பிட்டு இன்டெல் கணிப்பொறிகளுக்கான கெர்னலும் நிறுவியும் இல்லை. ஆகவே ஊர்க் கணிப்பொறியைப் பழைய பதிப்பிலேயே விட்டுவைப்பது நன்று. புதல்வர் குறையைப் பொதி கட்டியவருக்கு எழுதட்டும். அதுவரை தம் கணிப்பொறியில் ஒரு தனி அடைவுக்குள் அதே பழைய 32 பிட்டுப் பதிப்பை நிறுவி, குரூட் கட்டளையால் உட்புகுந்து அங்கேயே நிரலைக் கம்பைல் செய்துகொள்ளலாம்.