டாய்லெட்ல தண்ணி போகலைன்னா மேலே பார்க்காதீங்க

சம்பா நடவு முடிஞ்சு களையும் எடுத்த பிறகு, கார்த்திகை மாசத்துல நாலு நாள் குரோம்பேட்டையில மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராதா நகர் பக்கம் சொந்த வீடு, கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். போன அன்னிக்கே மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "அப்பா, கீழ் டாய்லெட்ல ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணா போகாது. மூணு தடவை பண்ணணும்."

மாப்பிள்ளை சும்மா இருக்கலை. ஃப்ளஷ் டேங்கை மாத்திட்டார். ரெண்டு பாட்டில் ஆசிட் ஊத்தியிருக்கார். பிளம்பர் வந்து க்ளோசெட்டையே மாத்தணும்னு சொல்லிட்டுப் போயிருக்கார். மருமகன் வீட்டு டாய்லெட்ல மாமனார் கை வைக்கிறது மரியாதை இல்லைதான். ஆனா மனசு கேட்கலை.

ஒரு பக்கெட் தண்ணியை ஒரே மூச்சுல ஊத்திப் பார்த்தேன். சடக்னு இழுத்துட்டுப் போச்சுன்னா, குறை மேலே இருக்குன்னு அர்த்தம். டேங்க்ல தண்ணி குறைவா நிக்கும், இல்லைன்னா போர் தண்ணியோட உப்பு படிஞ்சு விளிம்புல இருக்கிற ஓட்டைங்க அடைச்சிருக்கும். ஒரு கம்பியை வச்சுக் குத்தினாலே சரியாகிடும். இங்கே தண்ணி விளிம்பு வரைக்கும் ஏறி நின்னுட்டு, களக் களக்னு மூச்சு விட்டு மெதுவா இறங்குச்சு. விவசாயிக்கு இது புதுசு இல்லை. வடிகால் அடைச்ச வயலுக்கு மடையை எவ்வளவு திறந்தாலும் இதே கதைதான்.

வெளியில சேம்பர் மூடியைத் திறந்தோம், ரொம்பி நிக்குது. செப்டிக் டேங்கும் அப்படியே. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டியதை, வீடு கட்டி 11 வருஷமா யாரும் திறந்தே பார்க்கலை. லாரி வந்து உறிஞ்சிட்டுப் போச்சு. மூணாம் நாள் மறுபடியும் ரொம்பிடுச்சு.

அப்பதான் அந்த மேஸ்திரி வந்தார். "அடியில மண்டி கட்டியா இருக்கு சார். ஒரு ஆளை இறக்கினா சுத்தமாகிடும், ஆயிரத்து ஐநூறு கொடுங்க." மாப்பிள்ளை பர்ஸை எடுத்துட்டார். எறும்பை மிதிக்காத மனுஷன் அவர். அவருக்கே அது தப்புன்னு தோணலை. அதுதான் என்னை உலுக்கிடுச்சு.

எங்க ஊர்ல பாழுங்கிணத்துல இறங்கணும்னாலே முதல்ல விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்போம். செப்டிக் டேங்க்ல இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். முதல்ல நாத்தமடிக்கும், அளவு கூடினா மூக்கே மரத்துப் போய் நாத்தம் தெரியாது, அடுத்தது மயக்கம்தான். பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்குறவங்களுக்கு 2013 சட்டப்படி முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு, வீட்டுக்காரரா இருந்தாலும் சரி. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கணும்னு 2023ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. "மாப்ளே, பர்ஸை உள்ள வைங்க"ன்னு சொன்னேன். முதல் தடவையா அவர்கிட்ட குரலை உயர்த்திட்டேன்.

சரி, டேங்க் ஏன் மூணே நாள்ல ரொம்புது? பதில் பின்னாடி இருந்த கிணத்துல இருந்தது. எட்டிப் பார்த்தேன், நாலடியிலயே தண்ணி. கோடையில முப்பது அடிக்குப் போற கிணறு அது. உறிஞ்சு குழி இப்ப நிலத்தடி நீருக்குள்ளயே மூழ்கிக் கிடக்கு. அதுவே குடிச்சு ரொம்பியிருக்கு, இன்னும் எதை உறிஞ்சும்? நெமிலிச்சேரி ஏரி, சிட்லபாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரின்னு இது ஏரிகளுக்கு நடுவுல இருக்கிற பூமி. மிஞ்சின தண்ணி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகணும். போற வழியை எல்லாம் பிளாட் போட்டுட்டு, க்ளோசெட் கம்பெனியைக் குறை சொன்னா எப்படி?

இன்னொண்ணு. அந்தக் குழிக்கும் கிணத்துக்கும் நடுவுல பதினைஞ்சு அடிதான் இருக்கு. அந்தத் தண்ணியிலதான் பாத்திரம் கழுவுறாங்க, பேரன் பல் தேய்க்கிறான். அதை அன்னிக்கே நிறுத்தச் சொன்னேன். மகள் முகம் வெளுத்துப் போச்சு.

செஞ்சது சின்ன வேலைதான். குளிக்கிற தண்ணி, வாஷிங் மெஷின் தண்ணி எல்லாம் அதே டேங்குக்குத்தான் போயிட்டிருந்தது. அதைப் பிரிச்சு மூணு வாழைக்குத் திருப்பிவிட்டோம். டேங்குக்கு வர்ற தண்ணி பாதிக்கு மேல குறைஞ்சது. மழை முடியிற வரைக்கும் தேவைப்பட்டா லாரிதான், ஆள் கிடையாது; 14420க்குப் போன் பண்ணச் சொன்னேன். லாரிக்காரர்கிட்ட "எங்கே கொண்டுபோய் ஊத்துறீங்க?"னு நான் கேட்டதுக்கு அவர் சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை. ராத்திரியில இந்த மாதிரி லாரி எங்க ஏரிக்கரையில நின்னதை நான் பார்த்திருக்கேன்.

தை பொறந்து மகள் போன் பண்ணினாள். "அப்பா, ஒரே ஃப்ளஷ்ல போகுது. கிணத்துல பத்தடி இறங்கிடுச்சு." மாப்பிள்ளை வாங்கி வச்ச புது க்ளோசெட் பெட்டியோட பரண்ல இருக்காம்.