பீப் சத்தம் எங்கே போனது?

தில்லி லோதி ரோட்டில் வானிலைத் துறையின் மௌசம் பவன் இருக்கிறது. பருவமழையைக் கணிப்பதற்காக 1980களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த க்ரே எக்ஸ்-எம்பி சூப்பர் கம்ப்யூட்டர் அங்கேதான் நிறுவப்பட்டது. அதன் நினைவகத்தில் ஒரு பிட் பிசகினால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு பிசகினால் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். தன் கோளாறைத் தானே அறிவிப்பது கணினியின் அடிப்படைக் கடமை என்று அதை வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள்.

மேசைக் கணினியிலும் அந்தக் கடமை இருந்தது. 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோதே, பவர் பட்டனை அழுத்தியதும் தன் உறுப்புகளைத் தானே சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்றால் ஒரு குட்டி பீப் கொடுத்தது. பின்னால் வந்த அவார்டு பயாஸில் (பயாஸ் என்பது கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கேட்டால் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. ஏஎம்ஐ பயாஸில் எட்டு பீப் என்றால் டிஸ்ப்ளே நினைவகம். ஒலியைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் உண்டு: இந்தச் சோதனையின் பெரும்பகுதி திரை உயிர்பெறும் முன்பே நடக்கிறது. திரையே வராத பழுதைத் திரையில் எழுதிக் காட்ட முடியாது.

இன்று பல மதர்போர்டுகளில் பீப் கொடுத்த அந்தச் சிறிய ஸ்பீக்கர் இல்லை. பல லேப்டாப்களில் விளக்கு சிமிட்டுகிறது. ஆரஞ்சு எத்தனை முறை, வெள்ளை எத்தனை முறை என்று எண்ண வேண்டும். அதன் பொருளோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, சில சமயம் மாடலுக்கு மாடலும் வேறு. பெட்டியோடு வரும் காகிதத்தில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

விளைவு, ஃபேன் ஓடுகிறது, திரை கறுப்பாக இருக்கிறது என்றால் உடனே “மதர்போர்டு போச்சு” என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. உண்மையில் ரேம் சற்று நழுவியிருக்கலாம். கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் தேய்த்து மாட்டினாலே எத்தனையோ கணினிகள் எழுந்துவிடும். டிடிஆர்5 ரேம் போட்ட புதுக் கணினி முதல் முறை நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட இருட்டாகவே நிற்கும். பதறி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சிஆர்2032 என்ற நாணய அளவு பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய், இணையதளங்கள் திறக்க மறுக்கும். பழி இணைய இணைப்பின் மேல் விழும்.

லோதி ரோட்டிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள நேரு பிளேஸ் போன்ற சந்தைகளின் மெக்கானிக்குகள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளை, பிராசசர், ஒற்றை ரேம் மட்டும் வைத்துத் தொடங்குவார்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். பயாஸ் ஒவ்வொரு கட்டத்திலும் வெளியிடும் எண்ணைக் காட்டும் சிறு கார்டும் உண்டு. அருமையான கைத்திறன். ஆனால் குறியீட்டின் பொருள் கிடைக்காவிட்டால் அந்தத் திறனும் பாதி ஊகமாகிவிடுகிறது. இது நியாயமில்லை. பணம் கொடுத்து வாங்கிய பொருள் தன் நோயைச் சொல்லும்போது அதைப் புரிந்துகொள்ளும் உரிமை வாங்கியவருக்கு வேண்டும்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்தது. பிரான்ஸ் 2021 முதலே லேப்டாப்களுக்குப் பழுதுபார்க்கும் எளிமையை வைத்து மதிப்பெண் போடச் சொல்கிறது. இந்தியாவில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கின்றன. நல்லதுதான்; ஆனால் பத்து நிமிடச் சோதனையில் பிழைத்திருக்க வேண்டிய கணினி கழிவாகிப் போவதை அவை தடுக்காது.

மின்னணு அமைச்சகத்தின் எலெக்ட்ரானிக்ஸ் நிகேதனும் தேசியத் தகவலியல் மையமும் இதே லோதி ரோட்டின் சி.ஜி.ஓ. வளாகத்தில்தான் இருக்கின்றன. அரசு வாங்கும் ஒவ்வொரு கணினியின் டெண்டரிலும் ஒரு நிபந்தனை சேரட்டும்: தொடக்கச் சோதனைக் குறியீடுகளின் முழுப் பட்டியலும் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும், அதன் சுருக்கம் கணினியின் அடியிலேயே, தமிழ் உட்பட இந்திய மொழிகளில், ஒட்டப்பட வேண்டும்.