பக்கத்து நாற்காலி

செவ்வாய்க்கிழமை காலை பேப்பரைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. மஞ்சள் தாள், பச்சை எழுத்து. வாடகை ஒப்பந்தம், பட்டா பெயர் மாற்றம், பாஸ்போர்ட், வாரிசுச் சான்றிதழ் என்று அடுக்கிக்கொண்டே வந்து நடுவில் ஒரு வரி: ‘வெளிநாட்டு விவாகரத்து. 90 நாளில். நேரில் வரத் தேவையில்லை.’ அதற்கடுத்த வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம்.

காபி ஆறட்டும் என்று வைத்துவிட்டு அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான்.

“மாப்பிள்ளை எந்த நாட்டுல இருக்கார் சார்?”

“எந்த நாடாக இருந்தால் என்னப்பா?”

“நாட்டைப் பொறுத்து ரேட்டு சார்.”

வைத்துவிட்டேன். ஆனால் அந்த 90 நாள் மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. காரணம் உண்டு. 1991-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. திருப்பதியில் 1975-ல் நடந்த கல்யாணம். கணவர் அமெரிக்கா போய், மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கினார். அந்த நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், மனுப் போடுவதற்கு முன் அவர் 90 நாள் அந்த மாநிலத்தில் குடியிருந்தார் என்பது. தீர்ப்புக் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் 1981-ல் இரண்டாம் கல்யாணமும் ஆனது. முதல் மனைவி விடவில்லை, இருதார வழக்குப் போட்டார். இந்தக் கல்யாணம் எந்தச் சட்டப்படி நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்காத காரணத்தைச் சொல்லி, அந்தச் சட்டம் அதிகாரம் கொடுக்காத இடத்தில் வாங்கிய விவாகரத்து இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவி தானாக விரும்பி அந்த நீதிமன்றத்துக்குப் போய் வழக்காடியிருந்தால், அல்லது சம்மதித்திருந்தால், கதை வேறு. வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது இங்கே செல்லாது என்று சொல்லி, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் ஆறு ஓட்டைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். 90 நாளில் முடித்துத் தருகிறேன் என்கிற பையன் எதை முடித்துத் தருவான் என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்த வழக்கில் எனக்குப் பிடித்த இடம் வேறு ஒன்று. அமெரிக்கத் தீர்ப்பின் நகலில் அந்த ஊர் நீதிமன்ற அதிகாரியின் சான்று இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் நம் அரசுப் பிரதிநிதியின் சான்று இல்லை. அதனால் அந்த நகல் சாட்சியமாகாது என்றும் சொன்னார்கள். முத்திரைக்கு மேல் முத்திரை! நோட்டரி முத்திரை என்றாலே எனக்குக் காய்ச்சல். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றி முன்பு எழுதியபோது நான்கு நோட்டரிகள் கோபித்துக்கொண்டார்கள். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி கல்யாணம் நடந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும், அபராதத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. பதிகிறவர்களில் பலர் விசாவுக்காகத்தான் பதிகிறார்கள். சரி, பதிந்தாயிற்று. அந்தச் சான்றிதழை வெளிநாட்டு நீதிமன்றத்தில் காட்ட வேண்டுமானால் முதலில் மாநில அரசு அதைச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் வெளியுறவுத் துறை ‘அப்போஸ்டில்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். 2005 முதல் இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கனடா சேர்ந்ததோ 2024 ஜனவரியில். அதுவரை டொராண்டோவில் வழக்கு நடத்திய நம் பெண்களுக்கு அந்த ஸ்டிக்கர் உதவவில்லை, தூதரக முத்திரைக்கு அலைந்தார்கள். தாலி கட்டும்போது ஐந்நூறு பேர் பார்த்தார்கள், பந்தியில் மூன்று பாயசம். நீதிமன்றத்துக்கு வேண்டியது அந்த ஸ்டிக்கர்.

இதன் மறுபக்கமும் உண்டு. அங்கிருந்து வரும் நோட்டீஸ். வெளிநாட்டு நீதிமன்றக் காகிதங்களை நேரடியாகத் தபாலில் அனுப்பக்கூடாது, தில்லியில் சட்ட அமைச்சகம் வழியாகத்தான் வர வேண்டும் என்று இந்தியா இதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் சேரும்போதே சொல்லிவிட்டது. ஆனாலும் கூரியரில் நேராக வந்து இறங்கும் காகிதங்களுக்குக் குறைவில்லை. வந்தால் பீரோவில் போட்டுப் பூட்டுவதும் தப்பு, பதறிப்போய்ப் பதில் எழுதுவதும் தப்பு. சில சமயம் அந்தப் பதிலே ‘இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டேன்’ என்று ஆகிவிடும். தேதி தெரிகிற மாதிரி உறையோடு பத்திரப்படுத்தி, விஷயம் தெரிந்த வக்கீலிடம் அன்றைக்கே காட்ட வேண்டும்.

உண்மையில் இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது சட்ட ஆணையத்தைப் பற்றி. வெளிநாடுவாழ் இந்தியர் கல்யாணத்தை 30 நாளுக்குள் பதிய வேண்டும், பதியாவிட்டால் பாஸ்போர்ட்டை முடக்கலாம் என்று 2019-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. அது போதாது, முழுமையான சட்டம் வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஆணையம் தன் 287-ஆவது அறிக்கையில் சொன்னது. அதைக் கிழித்துத் தொங்கவிடக் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். இடையில் டீச்சருக்குப் போன் பண்ணியதுதான் வினையாகிவிட்டது.

டீச்சர் என் வாசகி. புளியைப் பற்றி நான் எழுதியதற்கு மூன்று பக்கம் மறுப்பு எழுதி அனுப்பியவர். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார், இப்போது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். துண்டுச்சீட்டைப் படித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று பார்த்தால், “தம்பி, கேஸ் போடுறது பெரிய வேலை இல்லை. உள்ளுக்குப் போய் இருக்கிறதுதான் வேலை” என்றார். அப்போதுதான் தெரிந்தது, அம்மாள் வருடக்கணக்காக அங்கே ‘மெக்கென்ஸி நண்பர்’ வேலை பார்க்கிறார்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. 1969-ல் லண்டனில் மெக்கென்ஸி என்று ஒருவர், விவாகரத்து வழக்கு. அரசின் இலவச சட்ட உதவி நடுவில் நின்றுபோனது. வக்கீலுக்குப் பணம் இல்லை. தானே வாதாட வேண்டிய நிலை. அவருக்காகக் காகிதம் தயாரித்த அலுவலகத்தில் இயன் ஹேங்கர் என்று ஓர் ஆஸ்திரேலிய இளைஞர் இருந்தார். ஊரில் வக்கீல், லண்டனில் வாதாட உரிமை கிடையாது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறேன், என்ன கேட்கலாம் என்று காதோடு சொல்கிறேன் என்று போனார். நீதிபதி, பின்னால் பொதுமக்கள் இருக்கையில் போய் உட்காரு என்றுவிட்டார். இடைவேளையில் வேண்டுமானால் யோசனை சொல்லிக்கொள்ளலாமாம். இப்படி உட்கார்ந்து என்ன பிரயோஜனம் என்று ஹேங்கர் மறுநாள் வரவேயில்லை. மெக்கென்ஸி தோற்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970 ஜூன் 12-ஆம் தேதி சொன்னது: பக்கத்தில் ஒரு துணை இருப்பது அந்த மனிதருக்குச் சேர வேண்டியது, அதைப் பறித்தது தவறு, வழக்கை மறுபடி விசாரியுங்கள். இதற்கு அவர்கள் எடுத்துக் காட்டியது 1831-ஆம் வருடத் தீர்ப்பு ஒன்றை.

ஒரு தீர்ப்பு ஒரு நாற்காலிக்காக எழுதப்பட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

மெக்கென்ஸி நண்பர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று 2010-ல் நீதித்துறை வழிகாட்டி போட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்து தைரியம் சொல்லலாம், குறிப்பெடுக்கலாம், காகிதங்களை எடுத்துக் கொடுக்கலாம், மெதுவாக யோசனை சொல்லலாம். நீதிபதியிடம் பேசக்கூடாது, சாட்சியைக் கேள்வி கேட்கக்கூடாது. தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடுத்து, இந்த வழக்கில் எனக்கு ஆதாயம் எதுவும் இல்லை, ரகசியம் காப்பேன் என்று உறுதி சொல்ல வேண்டும். 2013 ஏப்ரலில் இங்கிலாந்து அரசு, குடும்ப வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இலவச சட்ட உதவியை நிறுத்தியது. குடும்ப வன்முறைக்கு ஆதாரம் காட்டினால்தான் உண்டு. அதற்குப் பிறகு இந்த நாற்காலிக்குக் கிராக்கி வந்தது. காசு வாங்கிக்கொண்டு உட்காருகிறவர்களும் முளைத்தார்கள். அதைத் தடை செய்யலாமா என்று 2016-ல் கருத்துக்கூடக் கேட்டார்கள். டீச்சர் வாங்குவதில்லை. “பஸ் காசும் வேண்டாம், எனக்கு ஃப்ரீ பாஸ் இருக்கு.”

கேனரி வார்ஃபில் வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது கிழக்கு லண்டன் குடும்ப நீதிமன்றம். அங்கே போகிற டீச்சரின் பையில் என்னென்ன இருக்கும் என்று கேட்டேன். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், பையைப் பற்றிச் சொல்வார். மூன்று நிற ஒட்டுச்சீட்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காகிதத்துக்குப் பச்சை, காசு விஷயத்துக்கு மஞ்சள், டாக்டர் கடிதத்துக்கு ரோஸ். ஃபோட்டோகாப்பி எடுத்துப் பக்க எண் போட்ட காகிதக் கட்டை அங்கே ‘பண்டில்’ என்கிறார்கள். நீதிபதி 84-ஆம் பக்கம் என்றதும் அந்தப் பெண்ணின் கை நடுங்கிக்கொண்டு புரட்டும். அதற்குள் டீச்சரின் விரல் 84-இல் இருக்கும். எழுதுவது பென்சிலால். பேனா ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுமாம்.

“எங்கட பெட்டையளுக்குப் பெரிய எதிரி யார் தெரியுமோ தம்பி? தலையாட்டல்.”

புரியவில்லை என்றேன். விளக்கினார். எதிர்த்தரப்பு வக்கீல், ‘பிள்ளைகளை அப்பாவிடம் விடாமல் தடுத்தீர்கள், இல்லையா?’ என்று ஆங்கிலத்தில் நீளமாகக் கேட்டுக்கொண்டே போவார். நம் பெண், பெரியவர்கள் பேசும்போது ‘உம்’ கொட்டுவதைப் போல மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். பார்க்கிறவர்களுக்கு அது ‘ஆமாம்’. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கில் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டிக் கேட்டால் நீதிமன்றமே ஏற்பாடு செய்து தரும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் வாயில் வருவதைத்தான் மாற்றுவார், தலை ஆடுவதை அல்ல. அதனால் டீச்சர் உள்ளே போவதற்கு முன்னாலேயே வெளி பெஞ்சில் ஒத்திகை வைக்கிறார். “பிள்ளை, தலையை ஆட்டாதையும். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். விளங்கேல்லை எண்டால் விளங்கேல்லை எண்டு சொல்லும், அது வெட்கமில்லை.” ஒருமுறை கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது, டீச்சரின் தமிழே அவளுக்கு விளங்கவில்லையாம். இருவரும் சிரித்ததில் பாதிப் பயம் போய்விட்டது என்றார்.

நம் அரசும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. வெளிநாட்டில் கணவன் கைவிட்ட பெண்களுக்கு வெளியுறவுத் துறை ஒரு வழக்குக்கு 4,000 டாலர் வரை உதவித் திட்டம் வைத்திருக்கிறது. பணம் பெண்ணின் கைக்கு வராது, தூதரகப் பட்டியலில் இருக்கும் வக்கீலுக்கோ அமைப்புக்கோ போகும். நல்லதுதான். நான்கு நாள் விசாரணை நடந்தால் அங்கே அந்தத் தொகை எந்த மூலைக்கு என்பது தனிக் கேள்வி.

போனை வைத்த பிறகு எனக்கு நம் ஊர் நினைப்பு வந்துவிட்டது. 1984-ஆம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமையல்ல. கணவனும் மனைவியும் தாமே வந்து பேச வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நினைப்பு. நடப்பு என்ன? சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நீதிமன்றத் தாழ்வாரத்தில் கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே புகுந்துதான் நடக்க வேண்டும். அனுமதி மனு என்று ஒரு தாள், முடிந்தது. வக்கீலுக்குக் காசில்லாதவள் தனியாக உள்ளே போகிறாள். கூட வந்த சித்தி வெளியே மஞ்சள் பையோடு நிற்கிறாள்.

வக்கீல் அல்லாத ஒருவரை அனுமதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லாமலில்லை. வக்கீல்கள் சட்டம் 32-ஆவது பிரிவு கொடுக்கிறது. 1978-லேயே நீதிபதி கிருஷ்ணய்யர், நீதிமன்றம் அனுமதித்தால் நண்பர் ஒருவர் பேசலாம் என்று எழுதியிருக்கிறார். பரஸ்பர சம்மத விவாகரத்தில், நேரில் வர முடியாதவர்களுக்காக அப்பா அம்மாவோ அண்ணன் தங்கையோ வந்து நிற்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாப்பிள்ளை துபாயில் இருந்துகொண்டே இங்கே விவாகரத்து வாங்குவது இப்படித்தான். ஆக, ஒருவருக்குப் பதிலாக உட்கார நம்மிடம் வழி இருக்கிறது. ஒருத்திக்குப் பக்கத்தில் உட்காரத்தான் வழக்கம் இல்லை.

எத்தனை ரிட்டயர்டு டீச்சர்கள், எத்தனை வங்கிக் குமாஸ்தாக்கள், தபால்காரர்கள்! காகிதம் அடுக்கத் தெரிந்தவர்கள், வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரிந்தவர்கள். ஒரு மாவட்டத்தில் ஒரு நீதிபதி துணிந்து ஆரம்பித்தால் போதும்.

இதை எழுதி முடித்ததும் ஒரு வக்கீல் நண்பருக்குப் படித்துக் காட்டினேன். “தரகனுங்க எல்லாம் நாளைக்கே நண்பன்னு வந்து உட்காருவானுங்க, பரவாயில்லையா?” என்று பாய்ந்தார். நியாயமான பயம். அந்த மஞ்சள் தாள் பையனே முதல் ஆளாக வருவான். அதற்குத்தான் நீதிபதி கையில் அனுமதி இருக்கிறது, பேசக்கூடாது என்ற கட்டு இருக்கிறது, காசு வாங்கினால் வெளியே போ என்று எழுதி வைக்கலாம். நண்பர் சமாதானமாகவில்லை. டீச்சரைக் கூப்பிட்டு, நீங்கள் ஒரு மாதம் வந்து இங்கே சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். யோசித்தார்.

“வரலாம் தம்பி. ஆனா உங்கட கோர்ட்டில இருக்கிறதுக்கு ரெண்டாவது கதிரை போடுவினமோ?”