உழைப்புக்கும் அளவு எழுதுவோம்

சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 59ஆம் பிரிவு குறித்து, கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி எழுதித் தரும் நாம் வாய் திறந்தாக வேண்டும்.

பயிற்சியைப் பற்றி நமக்குள் சண்டையில்லை. சிக்கலற்ற கர்ப்பத்தில் வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலை ஏற்கிறோம். பயிற்சியால் கர்ப்பகால நீரிழிவு (ஜி.டி.எம்.) குறைகிறது, எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது கூடுவதுமில்லை. சேலத்தில் நாற்காலியிலேயே வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்தச் சீட்டு சரி.

ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக் களத்தில் வெயிலில் மாவு காயவைப்பவருக்கும், பள்ளிபாளையத்தில் நாள் முழுக்க நின்று தறி ஓட்டுபவருக்கும் அதே சீட்டா? புனே அருகே ஆறு கிராமங்களில் நடந்த ஆய்வை ஷோபா ராவ் குழுவினர் 2003இல் வெளியிட்டார்கள். தாயின் உடலுழைப்பு கூடிய அளவுக்குப் பிறந்த குழந்தை சிறுத்திருந்தது. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு.

59ஆம் பிரிவு என்ன தருகிறது? கடும் வேலையிலிருந்தும் நெடுநேரம் நிற்பதிலிருந்தும் விலக்கு. அதுவும் பிரசவத் தேதிக்கு ஏறத்தாழ பத்து வாரம் இருக்கும்போதுதான் தொடங்கும். அதாவது 30ஆம் வாரம். இதே சட்டத்தின் விளக்கப்படி கருச்சிதைவு என்பது 26ஆம் வாரத்தோடு முடிந்துவிடுகிறது! கருச்சிதைவு ஆபத்து கடந்துபோன பிறகு வரும் காவல் யாருக்கு? 1961 மகப்பேறு நலச் சட்டத்தின் வாசகத்தை அறுபது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த விலக்கையும் கர்ப்பிணியே வாய்விட்டுக் கேட்க வேண்டும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் முதலாளியிடம் போய்க் கேட்பாரா? பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடமென்றால் 59ஆம் பிரிவு அடங்கிய அத்தியாயமே அவரைச் சேராது. சேலம், நாமக்கல் ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் அப்படிப்பட்ட கூடங்கள் தெருவுக்குத் தெரு இருப்பது தொழிலாளர் துறைக்குத் தெரியாததல்ல.

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்தே விலக்கு வேண்டும். கேட்டால்தான் என்ற நிபந்தனை போய், மருத்துவச் சான்றே போதும் என்றாக வேண்டும். அது வரும்வரை, முதல் வருகையிலேயே என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறார், எவ்வளவு சூடு என்று கேட்டுக் குறியுங்கள். நடைப்பயிற்சி எழுதும் சீட்டிலேயே எந்த வேலை கூடாது என்பதையும் எழுதிக் கையொப்பமிடுங்கள்.