பாட்டி சொல்லாத கதையைச் சொல்லும் சினிமா!

கஜகஸ்தான் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தந்தை வழியில் ஏழு தலைமுறைப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா என்று வரிசையாக ஏழு பெயர்!

சொல்லத் தெரியாதவனை, "விவரம் இல்லாதவன்" என்று பெரியவர்கள் ஏசுவார்கள்.

இது வெறும் பெருமைக்காக அல்ல. ஏழு தலைமுறைக்குள் உறவு இருந்தால், அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. கலியாணம் பேசுவதற்கே இந்தக் கணக்கு வேண்டும்.

இப்படிப்பட்ட நாட்டில், கொள்ளுப்பாட்டி எப்படி இறந்தாள் என்பது இன்று பல குடும்பங்களுக்குத் தெரியாது. பெயர் மிஞ்சியது, கதை மிஞ்சவில்லை. அந்தக் கதைகளைத் தேடி, காமிராவுடன் கிளம்பியிருக்கிறார்கள் சில டைரக்டர்கள்.

ஆடு போனது, ஆளும் போனார்கள்

கஜகஸ்தான், ருஷியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே இருக்கிறது. பரப்பில் உலகிலேயே 9-வது பெரிய நாடு. ஆனால், ஜனத்தொகை சுமார் 2 கோடிதான். முன்பு சோவியத் யூனியனில் ஒரு பகுதியாக இருந்தது. 1991-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி சுதந்திரம் பெற்றது.

கஜாக் மக்கள் பரம்பரையாக ஆடு, மாடு, குதிரை, ஒட்டகம் மேய்த்தவர்கள். புல் இருக்கும் இடம் தேடிக் கூடாரத்துடன் போவார்கள். மந்தைதான் அவர்களுக்குச் சோறு, மந்தைதான் சொத்து.

1928-ல் சோவியத் அரசாங்கம் பணக்காரர்களின் மந்தைகளைப் பறிமுதல் செய்தது. பிறகு ஏழை எளியவரின் ஆடுகளும் கூட்டுப் பண்ணைக்குப் போயின. "அலையக் கூடாது, ஒரே இடத்தில் குடியிருங்கள்" என்று உத்தரவு வந்தது. தானியமும் இறைச்சியும் இவ்வளவு தர வேண்டும் என்று கட்டாயம் வேறு! தீனி இல்லாமலும், பராமரிப்பு இல்லாமலும் மந்தைகள் செத்தன. பத்து ஆடு இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது.

1930 முதல் 1933 வரை பெரும் பஞ்சம். சுமார் 15 லட்சம் பேர் மாண்டார்கள். அவர்களில் சுமார் 13 லட்சம் பேர் கஜாக் மக்கள். அந்த இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்துவிட்டது! லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டிச் சீனாவுக்கும் மற்ற இடங்களுக்கும் ஓடினார்கள்.

வாய்க்குப் பூட்டு

இத்தனை பெரிய துயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏன்? பேசினால் ஆபத்து! 1937, 1938-ம் ஆண்டுகளில் கவிஞர்களும், படித்தவர்களும், தலைவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். "தேசத் துரோகிகளின் மனைவிகள்" என்று சொல்லிப் பெண்களை அடைத்து வைக்கத் தனி முகாமே இருந்தது. அது இருந்த இடத்தில் இன்று நினைவுக் காட்சிசாலை இருக்கிறது.

ஆகவே, பாட்டிகள் வாயை மூடிக்கொண்டார்கள். பேரன் பள்ளிக்கூடத்தில் உளறிவிட்டால் குடும்பத்துக்கே ஆபத்து அல்லவா?

எழுதி வைத்தது உண்டா என்றால், அதிலும் ஒரு சங்கடம். கஜாக் மொழியை முன்பு அரபு எழுத்தில் எழுதினார்கள். 1929-ல் அதை மாற்றி லத்தீன் எழுத்தைக் கொண்டு வந்தார்கள். 1940-ல் மறுபடியும் மாற்றி, ருஷிய எழுத்தைப் புகுத்தினார்கள். தாத்தா எழுதியதைப் பேரனால் படிக்க முடியவில்லை!

வீரர் படமும் வீட்டுப் படமும்

சோவியத் காலத்தில் சினிமாவும் சர்க்கார் கையில்தான் இருந்தது. பஞ்சத்தைப் படமாக எடுப்பது நடக்காத காரியம்.

சுதந்திரம் வந்த பிறகு சர்க்கார் பெரிய படங்களுக்குப் பணம் கொடுத்தது. 2005-ல் "நோமாட்", 2012-ல் "மின் பாலா" ஆகிய படங்கள் வந்தன. இரண்டும் 18-ம் நூற்றாண்டுப் போர்க் கதைகள். குதிரை, வாள், வீரம்! ஒரு புது நாட்டுக்கு அதுவும் தேவைதான். ஆனால், ஒரு வீட்டில் அடுப்பு அணைந்த கதை அதில் இல்லை.

அந்தக் கதையைச் சிறு படங்கள் சொல்ல ஆரம்பித்தன. அடில்கான் எர்ஜானோவ் என்ற டைரக்டரும் அவருடைய நண்பர்களும் "பார்ட்டிசான் சினிமா" என்று ஒரு கொள்கையை அறிவித்தார்கள். பணத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. இருப்பதைக் கொண்டு எடுக்க வேண்டும். நாட்டின் உண்மை நிலையைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம்.

2019-ல் "ஜுல்மத்" என்ற டாக்குமெண்டரி படம் வந்தது. பஞ்சத்தைப் பற்றிய அந்தப் படத்தை எடுத்தவர், எதிர்க்கட்சி அரசியல்வாதியான ஜான்போலாட் மாமாய். மறு ஆண்டு "அழும் புல்வெளி" என்ற பொருள் கொண்ட கதைப்படம் வந்தது. டைரக்டர், மரினா குனரோவா என்ற பெண்மணி. பஞ்சத்தில் குடும்பத்தைக் காப்பாற்றப் போராடும் ஒரு வேடனின் கதை அது. ஆஸ்கார் போட்டிக்கு நாட்டின் சார்பில் அந்தப் படம் அனுப்பப்பட்டது.

2023-ல் வந்த "பவுரினா சாலு" என்ற படம் இன்னும் நெருக்கமானது. முதல் குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் கொடுத்து வளர்க்கும் வழக்கம் கஜாக் மக்களிடம் உண்டு. அந்த வழக்கத்தின் பெயர்தான் படத்தின் பெயர். பாட்டி வளர்த்த பையன், பாட்டி இறந்ததும் பெற்ற தாய் தகப்பனிடம் திரும்புகிறான். பெற்றவர்களே அவனுக்கு அந்நியர்! டைரக்டர் அஸ்கத் குச்சின்சிரெக்கோவ் தாமும் அப்படி வளர்ந்தவர்தான். வழக்கத்தின் அருமையையும், அதனால் பிள்ளை படும் பாட்டையும் ஒருசேரக் காட்டுகிறது படம்.

யார் குற்றம்?

பஞ்சத்தைப் பற்றிப் பேசுவது இன்றும் லேசான காரியம் அல்ல. வேண்டுமென்றே ஓர் இனத்தை அழிக்கச் செய்த சதி என்கிறார்கள் சிலர். இரக்கமற்ற கொள்கையால் வந்த விளைவு என்கிறார்கள் வேறு சிலர். சரித்திர ஆசிரியர்களிடையே வாதம் நடக்கிறது.

கஜகஸ்தானுக்கும் ருஷியாவுக்கும் இடையே 7,600 கிலோ மீட்டருக்கு மேல் நீளமான எல்லை இருக்கிறது. பெரிய அண்டை நாட்டுடன் பகை வேண்டாம் என்று அரசாங்கம் அளந்துதான் பேசுகிறது. ஆனாலும், மறைக்கவில்லை. மே 31-ந் தேதியை நினைவு நாளாக அனுசரிக்கிறது. அடக்குமுறைக்குப் பலியானவர்களின் பெயரில் உள்ள களங்கத்தைத் துடைக்க 2020-ல் கமிஷன் அமைத்தது.

சிறு படங்களின் பலம் இங்கேதான் இருக்கிறது. பெரிய அரசியல் கேள்விக்கு அவை தீர்ப்புச் சொல்லத் தேவை இல்லை. "உங்கள் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டாலே போதும்.

அதில் ஒரு குறையும் உண்டு. மனித ஞாபகம் தவறும். ஒரு வீட்டின் கதை, நாட்டின் கதை ஆகிவிடாது. பாட்டி சொன்னதைப் பழைய தஸ்தாவேஜுகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். காமிராவும் ஆவணமும் சேர்ந்தால்தான் சரித்திரம்.

காலம் காத்திருக்காது

பஞ்ச காலத்தில் 5 வயதுக் குழந்தையாக இருந்தவருக்கு இன்று 95 வயது தாண்டியிருக்கும். எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? இனிக் கிடைப்பது பெரும்பாலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டறிந்த கதைதான்.

ஆனால், இன்னொரு துயரத்தின் சாட்சிகள் இருக்கிறார்கள். செமிபலாட்டின்ஸ்க் பகுதியில் சோவியத் ராணுவம் 1949 முதல் 1989 வரை 456 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. மக்கள் எதிர்ப்புக்குப் பின், 1991 ஆகஸ்டு 29-ந் தேதி சோதனைக் களம் மூடப்பட்டது. அதன் அருகே வாழும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை "நாங்கள் இங்கே வாழ்கிறோம்" என்ற பொருள் கொண்ட டாக்குமெண்டரி காட்டுகிறது. ஜனானா குர்மாஷேவா எடுத்த இந்தப் படம் 2025-ல் வெளிவந்தது.

முதல் குண்டு வெடித்தபோது சிறுவர்களாக இருந்தவர்கள் 80 வயதைத் தாண்டிவிட்டார்கள். பஞ்சத்தைப் பார்த்தவர்களிடம் காமிரா போய்ச் சேருவதற்குள் பெரும்பாலோர் கண் மூடிவிட்டார்கள். இவர்களிடமாவது அது நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.