ஒலிப்பதிவும் ஓர் அளவீடே



பாட்டை ஒலிப்பதிவு செய்யக் கற்க வேண்டும் என்ற ஆவல் இன்று உங்களில் பலருக்கு இருக்கிறது. நல்ல ஆவல்தான். ஆனால் இந்த ஆவலோடு என்னிடம் வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, “எந்த மென்பொருள் சிறந்தது, ஐயா?” என்பதே. கேள்வி தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. காற்றழுத்தத்தில் நேரும் மிகச் சிறிய ஏற்ற இறக்கங்களை ஒலிவாங்கி அளக்கிறது. ஒலிப்பதிவு என்பது அந்த அளவீடுதான். அளக்கும்போது தவறவிட்டதைக் கணிப்பொறி பிறகு தேடிப்பிடித்துத் தராது. வெர்னியர் அளவியில் தவறாக எடுத்த அளவை, செய்முறைக் குறிப்பேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினால் சரியாகிவிடுமா?

அளவீடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் தரத்தில், ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஏன் இத்தனை முறை? நம் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அதிர்வைச் சரியாகப் பிடிக்க, ஒவ்வோர் அலைவுக்கும் இரண்டு முறைக்கு மேல் அளந்தாக வேண்டும். குறைந்தால் என்ன ஆகும் என்பதைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போல் தெரியும் அல்லவா? ஒலியிலும் அதே மாயம் நிகழும். யாரும் பாடாத சுரம் ஒன்று பதிவில் புகுந்துவிடும்.

ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் எழுதப்படுகிறது. அதாவது, கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரை 65,536 படிகள். கடைசிப் படிக்கு மேல் எண்ணே கிடையாது. பாடுபவரின் குரலுக்கு ஏற்றபடி பதிவு அளவை உயர்த்தி வைத்துவிட்டீர்கள் என்க. மிருதங்கத்தில் திடீரென ஓங்கி ஓர் அடி விழுகிறது. அலையின் உச்சி எல்லையை முட்டி, இளநீரின் தலையைச் சீவியது போலத் தட்டையாகிவிடுகிறது. சீவப்பட்ட பகுதி எவ்வளவு உயரம் இருந்தது? அந்தத் தகவல் எங்குமே பதிவாகவில்லை. பிறகு ஒலியைக் குறைத்தாலும் தட்டை தட்டைதான், கரகரப்பு போகாது.

அதைச் சீர்செய்யும் மென்பொருள்கள் உண்டே என்பீர்கள். உண்டு, சில நன்றாகவே வேலை செய்கின்றன. ஆயினும் அவை இழந்ததை மீட்பதில்லை. இப்படி இருந்திருக்கலாம் என ஊகித்து நிரப்புகின்றன. இதற்குப் பதில், மிக ஓங்கிய அடியை முதலிலேயே வாசிக்கச் சொல்லி, அது எல்லையில் பாதியைத் தாண்டாதவாறு வைத்துக்கொள்ளலாம். இதனால் நாம் இழப்பது 6 டெசிபெல். நம்மிடம் இருப்பதோ ஏறத்தாழ 96.

இதைவிடப் பெரிய பிழை தூரத்தில் நேர்கிறது. வாயிலிருந்து நேராக வரும் ஒலியின் அழுத்தம் தூரத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒலிவாங்கி 15 சென்டிமீட்டரில் இருந்து 150 சென்டிமீட்டருக்குப் போனால் நேரொலி பத்தில் ஒரு பங்காகிவிடும். அதாவது 20 டெசிபெல் குறைவு. ஆனால் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுவதும் பரவியிருப்பதால், அது அவ்வளவாகக் குறைவதில்லை. விளைவு, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போன்ற பதிவு. உடனே நாம் பழிபோடுவது கருவியின் மீது! பெற்றோரை வற்புறுத்திப் பல ஆயிரம் ரூபாய்க்கு வேறோர் ஒலிவாங்கி வாங்குவார்கள் சிலர். அதுவும் அதே சுவரின் எதிரொலியை இன்னும் துல்லியமாகப் பிடித்துத் தரும், அவ்வளவே.

சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் போதும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். சில சென்டிமீட்டர் உயரமுள்ள மெல்லிய அட்டை அதை என்ன செய்துவிடும்? பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஓர் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். தாழ்ந்த ஒலிகளை அதுவும் முழுமையாக அடக்காதுதான். ஆனால் சொற்களைக் குழப்பும் எதிரொலியைக் கணிசமாக உறிஞ்சிவிடும், செலவும் இல்லை.

கைபேசியில் பதிவு செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேச்சுக்கென அமைந்த இரைச்சல் நீக்கும் வசதி இயங்கினால், தம்புராவின் இடைவிடாத ஒலியை அது மின்விசிறியின் இரைச்சலாக எண்ணி அடக்கப் பார்க்கும். அதை நிறுத்திவிட்டுப் பதியுங்கள்.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுரமானியும் இசைக்கவையும் ஆய்வகத்தில் இருக்கின்றன; சைன் அலையைக் கரும்பலகையில் வரைகிறோம். மாணவர் தம் குரலின் அலையைப் பார்க்காமலே ஒலியியல் பாடம் முடிந்துவிடுகிறது. ஒரு செய்முறையாவது ஒலிப்பதிவாக இருக்க வேண்டும். ஆடாசிட்டி போன்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆசிரியரின் அனுமதியோடு இதைச் செய்து பாருங்கள். பதிவு வீதத்தை 44,100 என அமைத்து, 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை ரப்பர் திண்டில் மெதுவாகத் தட்டிப் பதிவு செய்யுங்கள். அலையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், கோடு தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். அடுத்தடுத்த இரண்டு உச்சிகளுக்கு இடையே புள்ளிகளை எண்ணுங்கள். ஏறத்தாழ 86 வரும். 44,100-ஐ அந்த எண்ணால் வகுத்து, கவையின் மீது பொறித்துள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அடுத்து, நீங்கள் பாடும் ஸட்ஜத்தையும் இப்படியே எண்ணிப் பார்க்கலாம்.