சுளுக்கு வழிக்கும் கைக்குப் படிப்பும் வேண்டும், கூலியும் வேண்டும்

பகல் முழுவதும் குனிந்து நாற்று நட்ட இடுப்பு இருக்கிறது. ரிங் பிரேம்களுக்கு நடுவே நடந்து நடந்து அறுந்த இழையைக் கூட்டிய கால் இருக்கிறது. ஆத்தங்குடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரைக்கல் வார்த்த முதுகு இருக்கிறது. இந்த உடம்புகளுக்கு மாலையில் கிடைக்கும் வைத்தியம் என்ன? பெரும்பாலும் எண்ணெயைச் சூடாக்கித் தடவிப் பிடித்துவிடும் ஒரு மனிதக் கைதான். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சுற்றுப்பட்டிகளிலும் சுளுக்கு வழிப்பவர் வீட்டைத் தெரியாத உழைப்பாளி கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். இவரிடம் போனால் அரை மணியில் திரும்பிவிடலாம்.

இந்தக் கையைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நாட்டில் நடக்கிறது. "இதெல்லாம் படிக்காதவன் வேலை, மூடப் பழக்கம்" என்பது ஒன்று. "முன்னோர் கண்ட வித்தை, கேள்வி கேட்காதே" என்பது மற்றொன்று. இரண்டுமே உழைப்பாளிக்கு உதவாத பேச்சு. முதலாவது பேசுபவர் பிடித்துவிடும் தொழிலாளியை இழிவு செய்கிறார். இரண்டாவது பேசுபவர் பிடித்துக்கொள்ளும் தொழிலாளியை ஏமாற விடுகிறார்.

தொழிலின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஏட்டில் பெருமையாக இடம் பெற்ற இந்த வேலையைக் கிராமத்தில் செய்தது யார்? முடிதிருத்தும் சமூகத்தார். ஆண் கட்டி அறுத்தார், சுளுக்கு வழித்தார். பெண் மருத்துவச்சியாகப் பிரசவம் பார்த்தார், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். மிராசுதாரின் காலைப் பிடித்துவிடுவதற்குத் தேவைப்பட்ட அதே கை, அவர் வீட்டுத் திண்ணையில் சரிசமமாக உட்கார மட்டும் தகுதியற்றதாக இருந்தது. அறுவடையில் களத்து மேட்டில் அளந்து போட்ட நெல்தான் சம்பளம். சாதி முறை இவர்களிடமிருந்து மரியாதையைப் பறித்ததோடு நிற்கவில்லை, படிப்பையும் பறித்தது. தகப்பன் சொன்னதை மகன் கேட்டான், தாய் செய்ததை மகள் பார்த்தாள். சரியானதும் தவறானதும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தது.

இந்த மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதுதான் விஞ்ஞானத்தின் வேலை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம் ஆகியவற்றோடு பிடித்துவிடுதலையும் செய்யலாம் என்று அதில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கிடைத்த ஆதாரத்தின் பலம் மிகக் குறைவு என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். சிறிது காலத்துக்கு வலி தணியும், உடம்பு இளகும், தூக்கம் வரும். இது சின்னக் காரியமல்ல. ஆனால் விலகிய எலும்பு வட்டு உள்ளே போகாது, தேய்ந்த மூட்டு வளராது, சர்க்கரை வியாதி தீராது. அதே வழிகாட்டி இடுப்புப் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் வைத்தியத்தையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறது. மருந்துக் கடையில் நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுத்துப் பெல்ட் வாங்கி மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போகும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏமாற்று எப்போதும் ஓலைச் சுவடியில்தான் வரும் என்பதில்லை. பளபளக்கும் அட்டைப் பெட்டியிலும் வரும்.

காசு உள்ளவர்களின் உலகத்திலும் இதே கதைதான். செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பல இன்று ஓட்டல்களாகிவிட்டன. பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே எண்ணெய்த் தேய்ப்பு அறை. வெளியூர்ச் சீமான் படுத்திருக்கிறார். பக்கத்துக் கிராமத்துப் பெண் நின்றுகொண்டு பிடித்துவிடுகிறாள். இந்த மாதிரி இடங்களில் "உடம்பிலுள்ள நச்சு எல்லாம் வெளியேறும்" என்று அட்டையில் அச்சடித்து வைப்பது உலக வழக்கமாகிவிட்டது. எந்த நச்சு? பெயர் என்ன? எந்த வழியாக வெளியேறுகிறது? பதில் கிடையாது. உடம்பின் கழிவை வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அவை ஓட்டல் பில் கேட்பதில்லை. உழைத்த தசையில் தேங்கும் லாக்டிக் அமிலத்தைப் பிடித்துவிட்டால் கரைத்துவிடலாம் என்று விளையாட்டு வீரர்களிடமும் சொல்லிவந்தார்கள். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். பிசைந்து தேய்க்கும்போது தசைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்தது. அந்த அமிலம் வெளியேறுவதும் தாமதப்பட்டது! அட்டையை அச்சடித்தவர் லாபம் பார்க்கிறார். அந்தப் பெண்ணின் மணிக்கட்டு வலிக்கு யார் பிடித்துவிடுகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் ஆபத்து அதிகம்.

"பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கு ஆத்தா, எடுத்துவிடுங்க" என்று பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். சேலையில் போட்டு இரண்டு பக்கமும் பிடித்து உருட்டுகிறார்கள். வாந்தியும் பேதியுமாக இருந்தால் "குடல் ஏறிவிட்டது" என்று தலைகீழாகப் பிடித்துப் பாதத்தில் தட்டுகிறார்கள். குடல் ஏணி வைத்து ஏறுகிற பொருளல்ல. அந்தக் குழந்தைக்கு வேண்டியது உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும், தாய்ப்பாலும், கண் குழி விழுந்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரியும். தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் உடம்பின் நீர் வற்றுகிறது. குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, ஊதுவது, பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்குவது - இவையும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக் காய்ச்சலை உண்டாக்கும். பிதுக்கிய மார்பு சீழ் பிடிக்கும்.

அப்படியானால் எண்ணெய் தேய்ப்பதே தவறா? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். வங்கதேசத்தில் டாக்கா குழந்தைகள் ஆஸ்பத்திரியில், 33 வாரம் நிரம்புமுன் பிறந்துவிட்ட குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெயை மென்மையாகத் தடவினார்கள். தடவாத குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தொற்றும் நோய்க் கிருமிகளின் தாக்குதல் 41 சதவீதம் குறைந்தது என்று 2005இல் வெளியிட்டார்கள். நமது பாட்டிமார்கள் வழக்கத்தின் ஒரு பகுதி பரீட்சையில் தேறியது. சேலையில் உருட்டுவதும் தலைகீழாகத் தட்டுவதும் எந்தப் பரீட்சையிலும் தேறவில்லை. காரைக்குடிக்காரர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. 1953இலிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நமது ஊரில்தான் நடக்கிறது. துருப் பிடிக்காது என்று ஒருவர் சொன்னதற்காக அங்கே எந்தப் பூச்சையும் ஒப்புக்கொள்வதில்லை. உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள். இரும்புக்குக் காட்டும் ஜாக்கிரதையைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா?

பெரியவர்களுக்கும் பிடித்துவிடக் கூடாத சமயங்கள் உண்டு. டில்லியில் 23 வயது இளைஞர் ஒருவர் விளையாடும்போது கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டுப் போட்டிருந்தார். கட்டைப் பிரித்த பிறகும் வலியும் வீக்கமும் இருந்தன. பெற்ற தாய் பாசத்தோடு எண்ணெய் தேய்த்துக் காலை உருவிவிட்டார். காலின் உள்நாளத்தில் உறைந்திருந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தது, மகன் இறந்துபோனார். இது நடந்தது 2016இல். அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து டாக்டர்கள் இதை அடுத்த ஆண்டு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். மாவுக்கட்டுப் போட்டவர், படுக்கையில் கிடந்தவர், பிரசவமான பெண் - இவர்களில் யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைச் சதையில் வலித்தால் அந்தக் காலில் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தைச் சுளுக்கு வழிப்பவர் தெரிந்துகொண்டாலே உயிர்கள் தப்பும்.

கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதும் அப்படித்தான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்துக்குள் இருக்கின்றன. உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரும். கர்நாடகத்தில் பல்லாரியில் முடிதிருத்தும் கடையொன்றில் கழுத்தைத் திருப்பிக்கொண்ட தொழிலாளிக்கு இப்படி நேர்ந்ததாக 2024இல் பத்திரிகைகளில் செய்தி வந்தது. எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதைப் பற்றி ஜெர்மன் வைத்தியர் ஃபோல்க்மன் கண்டதும் பொருந்தும்: கட்டு இறுகினால் ரத்தம் போகாமல் கை சுருங்கிச் சூம்பிவிடும் என்று அவர் 1881இலேயே எழுதிவைத்தார். கட்டுப்போட்ட பிறகு விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ, விரலை நீட்டும்போது உயிர்போகிற வலி எடுத்தாலோ, பொழுது விடியக் காத்திருக்கக் கூடாது; அந்த நிமிஷமே கட்டை அவிழ்த்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆபத்து இருக்கிறது என்பதற்காகச் சர்க்கார் போலீசை அனுப்பிக் கிராமத்துக் கைவைத்தியரை விரட்டட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நாம் ஏற்க முடியாது. விரட்டினால் அவர் ஒளிந்து செய்வார். வலி உள்ளவன் இருட்டில் தேடிப் போவான். ஓட்டல் அறைக்கோ ஒன்றும் ஆகாது.

வேறு நாடுகளில் என்ன செய்தார்கள்? லண்டனில் மசாஜ் என்ற பெயரில் விபசாரமும் போலிப் பள்ளிக்கூடங்களும் பெருகிக் கெட்ட பெயர் வந்தபோது, 1894இல் நான்கு பெண்கள் முன்வந்தார்கள். நர்சு வேலையும் மருத்துவச்சி வேலையும் தெரிந்தவர்கள். பயிற்சி பெற்றவர்களின் சங்கம் ஒன்றை அமைத்து, பரீட்சை வைத்து, நடத்தை விதிகளும் வகுத்தார்கள். அந்தச் சங்கம்தான் பிற்காலத்தில் அந்நாட்டு இயன்முறை மருத்துவர்களின் சங்கமாக வளர்ந்தது. ஜப்பானில் நெடுங்காலமாகப் பார்வையற்றவர்களின் பிழைப்பாக இருந்த தொழிலுக்கு 1947இல் சட்டம் வந்தது. இன்று மூன்று வருடம் படித்து, தேசியப் பரீட்சையில் தேறி, உரிமம் பெற வேண்டும். பார்வையற்றவர்களும் அதே பரீட்சையில் தேறித் தலைநிமிர்ந்து தொழில் செய்கிறார்கள்.

நமது ஜில்லாவில் இது முடியாத காரியமா? சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து கிராமத்தில் தொழில் செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுக்கட்டும். பள்ளிச் சான்றிதழ் கேட்டுக் கிழவிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது. கையைப் பார்த்து, எப்போது தொடக் கூடாது என்பதை வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு கொடுக்கட்டும். ஓட்டல்களில் வேலை செய்யும் பெண்களுக்கு மணிக்கணக்குக் கூலியும், தகாத முறையில் நடக்கும் விருந்தாளியை எழுப்பி அனுப்பும் உரிமையும் எழுத்தில் வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதையும் மறந்துவிடலாகாது. ஒரு பஞ்சுப் பேலின் எடை 170 கிலோ. ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 1967இலேயே சிபாரிசு செய்தது. தள்ளுவண்டி கொடுக்காத முதலாளி தைல பாட்டிலைக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார். மில் தொழிலாளிக்காவது சம்பளத்தில் பிடித்த ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, அங்கே இயன்முறைச் சிகிச்சை கேட்கலாம். நடவு நடும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வர வேண்டும் என்று இருக்கிறது. அவர் எந்தத் தேதியில் எந்தக் கிராமத்துக்கு வருகிறார் என்று பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போடும்படி மே தினக் கிராம சபையில் விவசாயத் தொழிலாளர்கள் தீர்மானம் கொண்டுவரலாம். அவர் வரும் நாளில் ஊர்ச் சுளுக்கு வைத்தியரையும் அழைத்துப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று அதே தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.